சம்ப்பின் அடியில் இரண்டு விரல் கனம்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் குடியிருப்பின் சம்ப், அதாவது தரைக்கடி நீர்த்தொட்டி, முற்றிலும் வற்றியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்த மாதம் அது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தோம். தண்ணீர் இல்லாத அந்த இடைவெளியிலாவது சம்ப்பைக் கழுவிவிடலாம் என்று முடிவு செய்தோம். மந்தைவெளியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் எங்களுடையது. சம்ப் பன்னிரண்டு அடி நீளமும் எட்டடி அகலமும் ஆறடி ஆழமும் கொண்டது. ஏறத்தாழ 16,000 லிட்டர் கொள்ளும். கல்லூரியில் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்புகளை ஆண்டுக்கணக்கில் நடத்தியவள் என்றாலும், நான் தினமும் குளித்துச் சமைத்துக் குடிக்கும் நீர் எந்தத் தரையின்மேல் நிற்கிறது என்பதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

மூடியை முந்தைய நாளே திறந்து வைத்து, ஊதுவிசிறி கொண்டு காற்று செலுத்திய பிறகே ஆள் இறங்கினார். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூடிய தொட்டியில் கசடு அழுகும்போதும் இரும்பு துருப்பிடிக்கும்போதும் உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜன் செலவாகிறது. கசட்டைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரக்கூடும். மெழுகுவத்தியைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சுடர் அணையாமல் நின்றால் ஆபத்தில்லை என்று நம்புகிறார்கள். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் காற்றிலும் சுடர் எரியும் என்பதை ஒவ்வொரு சங்கச் செயலாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கும் அங்கே துணை செய்யாது. அந்த வாயுவின் அளவு கூடும்போது வாசனை உணர்வே மரத்துப்போகும்.

இறங்கிய பெரியவர் சிறிது நேரத்தில் கொத்தனார் கரண்டியில் ஒரு துண்டைப் பெயர்த்து மேலே நீட்டினார். "அம்மா, மேல செம்மண்ணு மாதிரி இருக்குது, கீழ பாத்தா தார் மாதிரி இருக்குது, பாருங்க" என்றார். இரண்டு விரல் கனம் இருந்தது அந்தக் கசடு. மேற்பரப்பில் நனைந்த பஞ்சுபோல் துருநிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு, அதன்கீழ் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அதற்கும் கீழே கருமையாகப் பளபளக்கும் சேறு. கூடவே கூமுட்டை நாற்றம். அந்தத் துண்டை ஒரு பழைய தட்டில் வைத்து மதில்மேல் விட்டுவிட்டு வேலையைக் கவனித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது கரண்டி வெட்டிய கறுப்பு முகம் தோல் போர்த்தியதுபோலப் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. கறுப்பாக இருந்தது இரும்பு சல்பைடு. காற்றுப் பட்டதும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மறுபடியும் துருவாகிக்கொண்டிருந்தது. தரைக்கடியில் இருட்டில் நுண்ணுயிர்கள் பல மாதம் செய்த வேலையைச் சென்னை வெயில் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பிப்போட்டதை என் கண்ணெதிரே பார்த்தேன்.

இந்த அடுக்கு வரிசை எங்கள் சம்ப்புக்கு மட்டும் உரியதன்று. அடையாறு முகத்துவாரச் சேற்றையோ பள்ளிக்கரணைச் சதுப்பையோ வெட்டிப் பார்த்தாலும் துருநிறம் மேலேயும் கறுப்பு கீழேயுமாக இதே வரிசைதான் கிடைக்கும். காரணம் எளிது. உணவை எரித்து ஆற்றல் பெறும் எந்த உயிருக்கும், எரித்தபின் மிஞ்சும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ள ஏதேனும் ஒரு பொருள் தேவை. நமக்கு அது ஆக்சிஜன் மட்டுமே. பாக்டீரியாக்களுக்கு வழிகள் பல. ஆக்சிஜன் உள்ள வரை அதைக் கொண்டு சுவாசிப்பவை முந்திக்கொள்கின்றன, ஏனெனில் அதில்தான் ஆற்றல் மிகுதி. அது தீர்ந்தால் நைட்ரேட்டைச் சுவாசிப்பவை தலையெடுக்கின்றன. பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் மீத்தேன் உண்டாக்குபவை வருகின்றன. சல்பேட்டைச் சுவாசிப்பவை வெளியிடும் சல்பைடுதான் கூமுட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. அந்தக் கரண்டியில் இருந்த இரண்டு விரல் கனம் முழுப் படிக்கட்டும்தான்.

சம்ப்பில் வெளிச்சம் இல்லை. ஆகவே பாசி இல்லை. மொட்டைமாடித் தொட்டியின் மூடி விரிசல் விட்டால் பச்சை படிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பச்சை இல்லாத நீர் உயிரற்ற நீராகத் தோன்றுகிறது. அந்த எண்ணத்தை முதலில் உடைத்தவர் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. 1880களின் இறுதியில் கந்தகத்தையும் இரும்பையும் உண்ணும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து, சூரிய ஒளியின்றி வெறும் கனிமப் பொருளின் வேதி ஆற்றலைக் கொண்டே ஓர் உயிர் வாழ முடியும் என்ற கருத்தை முன்வைத்தார். 1890இல் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து அதை உறுதிப்படுத்தினார். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் வேலை ஒரு வகைக்கும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் வேலை இன்னொரு வகைக்கும் உரியது என்று அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். 2015இல் இரு ஆய்வுக் குழுக்கள் இரண்டு வேலையையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா இனங்களைக் கண்டறிந்தன. அவற்றுள் ஒன்று, 1,200 மீட்டர் ஆழத்திலிருந்து வெந்நீர் ஏறிவந்த ஒரு குழாயின் உட்புறத்தில் படிந்திருந்த வழுவழுப்பிலிருந்து வந்தது. குழாய் வழுவழுப்பை அருவருப்போடு தேய்த்துக் கழுவும் நமக்கு இது நினைவிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் சம்ப்பில் இவ்வளவு உயிர் செழித்ததற்கு என்ன காரணம்? நீரில் அழுக்கு இருந்தது என்பது அரைகுறைப் பதில். உண்மையான காரணம், நாங்கள் இரண்டு வகை நீரை ஒரே தொட்டியில் கலந்ததுதான். சென்னையில் பெரும்பாலான அடுக்ககங்கள் இதைச் செய்கின்றன: குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வருகிற அன்று அது, போதாத அன்று ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், இரண்டும் இல்லையென்றால் லாரி. எங்கள் போர் தண்ணீர் இறைக்கும்போது பளிங்குபோல இருக்கும்; வாளியில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் மஞ்சளாகும், மறுநாள் அடியில் துரு படியும். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. காற்றைச் சந்தித்ததும் கரையாத துருவாகிறது. மெட்ரோ தண்ணீரிலோ ஆக்சிஜன் உண்டு, சிறிதளவு குளோரினும் உண்டு. தனித்தனியே இருந்தால் ஒன்றில் உண்ணும் பொருளுக்குக் குறைவில்லை, சுவாசிக்கும் பொருள் இல்லை. மற்றதில் சுவாசிக்கும் பொருள் உண்டு, உண்ணுவதற்கு அதிகமில்லை. இரண்டையும் ஓரிடத்தில் ஊற்றினால் அடுப்பையும் அரிசியையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தது போலாகிறது.

இரும்பின் பெரும்பகுதி நுண்ணுயிரின் துணையின்றித் தானாகவே துருவாகிவிடும். ஆனால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் மூலைகளிலும், குழாய் வாயிலும், மோட்டாரின் உறிஞ்சுகுழாய் முனையிலுள்ள ஃபுட் வால்வின் வலைமேலும் இரும்பு பாக்டீரியாக்கள் அந்த வேலையைத் தம் பிழைப்பாக்கிக்கொள்கின்றன. ஃபுட் வால்விலிருந்து எடுத்த ஒரு துளி வழுவழுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கேலியோனெல்லா என்னும் பாக்டீரியா விட்டுச்செல்லும் இரும்புக் காம்புகள் முறுக்கிய நாடாபோலக் குவிந்து கிடந்தன. அவற்றுக்கிடையே லெப்டோத்ரிக்ஸின் உறைகள் உள்ளீடற்ற வைக்கோல் துண்டுகள்போல் இருந்தன. உயிருள்ள செல்கள் மிகச் சில. மற்றதெல்லாம் அவை கட்டிவிட்டுப் போன இரும்பு வீடுகள். மோட்டார் நீர் இழுக்கவில்லை என்று அந்த ஆண்டு இரண்டு முறை ஆளைக் கூப்பிட்டதற்குக் காரணம் இவைதாம்.

துரு படிவதோடு கதை முடிவதில்லை. துருத்துகள் நீரிலுள்ள பாஸ்பேட்டைத் தன்மேல் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. பாஸ்பரஸ் இல்லாமல் எந்தச் செல்லும் தன் மரபுப்பொருளைக் கட்ட முடியாது. குடிநீரில் பல சமயம் கரிமப் பொருளைவிடப் பாஸ்பரஸ்தான் பற்றாக்குறை என்று பின்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. அப்படியானால் துரு அதை அடியில் பூட்டிவைப்பது நமக்கு நன்மையல்லவா என்று தோன்றும். ஆனால் அந்தப் பூட்டு ஆக்சிஜன் உள்ள வரைக்குமே நிற்கும். இங்கிலாந்தின் ஏரிச் சேற்றை ஆராய்ந்து 1941-42இல் கிளிஃபர்ட் மார்ட்டிமர் காட்டியது இதுதான்: அடிமட்டத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு மறுபடி கரைகிறது, பிடித்துவைத்த பாஸ்பேட் நீரில் விடுபடுகிறது. சல்பைடு வந்து இரும்பைக் கறுப்பாகக் கட்டிவிட்டால், பாஸ்பேட்டைத் திரும்பப் பிடிக்கவும் இரும்பு மிஞ்சாது. கசடு தங்கியிருக்கும் சம்ப் ஒவ்வொரு முறை நீர் நிரம்பும்போதும் தன் அடியிலிருந்தே உரம் போட்டுக்கொள்கிறது. தண்ணீரை மாற்றினோம், லாரியை மாற்றினோம், நாற்றம் மட்டும் மாறவில்லை என்று எங்கள் கீழ்வீட்டு மாமி சலித்துக்கொண்டதற்கு விடை அந்தக் கறுப்பு அடுக்கில் இருந்தது.

இந்த நகரத்தில் சம்ப் பற்றிய எந்தக் கவலைக்கும் கிடைக்கும் முதல் பதில் பிளீச்சிங் பவுடர். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். காலராவையும் டைபாய்டையும் தடுத்ததில் குளோரினுக்கு இருக்கும் இடம் வேறெதற்கும் இல்லை. நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதாரப் பாடநூல் கணக்கு. அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் குளோரினைத் தரும். எங்கள் சம்ப்புக்கு 40 கிராம். ஆனால் இது தெளிந்த நீருக்கான கணக்கு. ஒரு மில்லிகிராம் சல்பைடை முழுவதும் சல்பேட்டாக மாற்ற எட்டு மில்லிகிராமுக்கு மேல் குளோரின் வேண்டும். அப்படியென்றால் லிட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிகிராம் சல்பைடு இருந்தாலே, போட்ட குளோரின் அத்தனையையும் அது விழுங்கிவிடும், ஒரு பாக்டீரியாவின்மேலும் அது படுவதற்கு முன்பாகவே. அம்மோனியா நைட்ரஜனுக்கும் கணக்கு ஏறத்தாழ இதேதான். கசட்டை வைத்துக்கொண்டு பவுடர் போடுவது, ஓட்டைப் பானையில் அளந்து ஊற்றுவது.

இதை நாங்கள் கற்றது அந்தக் கோடையில் அல்ல, அதே ஆண்டு நவம்பரில். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியிருந்தது. தெருவில் ஒரு சாக்கடைத் தொட்டி இரண்டு நாள் வழிந்தது. பிறகு எங்கள் குடியிருப்பில் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரு முதியவருக்கும் வயிற்றுப்போக்கு. கூட்டத்தில் எல்லோரும் சொன்னது பவுடரை இரட்டிப்பாக்கலாம் என்பதே. "மேடம், குளோரின் வாசனை நல்லாவே அடிக்குதே" என்று வாட்ச்மேன் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், வாசனை அடித்தது. ஆனால் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை பெரும்பாலும் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களுடையது. வாசனை கடுமையாக அடிப்பது, நீரில் இருக்கக் கூடாத நைட்ரஜன் ஏதோ இருக்கிறது என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். குளோரினை நிறத்தால் காட்டும் ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டுப் பார்த்தபோது மஞ்சள் நிறம் உடனே வரவில்லை, மெல்ல மெல்ல ஏறியது. அம்மோனியாவோடு சேராத தனிக் குளோரின் இருந்தால் நிறம் நொடியில் வந்திருக்கும். குப்பிச் சோதனையும் செய்தேன். 1982இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய எளிய முறை அது, மலக் கலப்பு உள்ள நீரில் வளரும் பாக்டீரியாக்கள் சல்பைடு வெளியிட்டுக் குப்பியிலுள்ள தாளைக் கறுப்பாக்கும். மறுநாள் காலையில் குப்பி கறுத்திருந்தது. நீரைக் கிண்டி கிங் நிலைய வளாகத்திலுள்ள நீர்ப் பகுப்பாய்வுக் கூடத்துக்கும் கொடுத்தோம். அங்கும் மலக் கலப்பு உறுதியானது.

சம்ப்பைக் காலிசெய்து, பக்கத்துச் சாக்கடைத் தொட்டியில் கேசரிப் பொடி கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். சம்ப்பின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஈரம் கசிந்தது. நல்ல நிலையில் இருப்பதாக ஓர் ஆண்டுக்கு முன்பு பணம் வாங்கிக்கொண்டு பூசிக் கொடுத்த சுவர் அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை, ஏனெனில் முதியவர் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார்.

அந்தக் கசிவு நீருக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாக்கடையின் அம்மோனியா சம்ப்பின் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். சென்னை வெப்பத்தில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். ஆகவே சிறிதளவு கசிவே அடிமட்டத்தின் ஆக்சிஜனைத் துடைத்துவிடும். துடைத்ததும் மேலே சொன்ன படிக்கட்டு கீழ்நோக்கி ஓடத் தொடங்கும். நைட்ரேட், இரும்பு, பாஸ்பேட், கந்தகம் ஆகிய ஒவ்வொன்றும் மற்றொன்றின் கதவைத் திறந்துவிடுகிறது. நாற்றம், துரு, வயிற்றுப்போக்கு, மோட்டார் அடைப்பு என்று நாங்கள் வெவ்வேறு ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்த குறைகளெல்லாம் ஒரே தொட்டியின் ஒரே கணக்கில் வரவும் செலவும்.

கொல்வதைவிடப் பட்டினி போடுவதே நிலையான வழி என்பது என் உறுதியான கருத்து. நெதர்லாந்தில் குழாய்நீரைக் குளோரின் எச்சம் இல்லாமலே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பாக்டீரியா எளிதில் உண்ணக்கூடிய கரிமத்தை லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் அளவுக்குக் குறைத்துவிட்டால் நீரில் பெரிதாக எதுவும் வளராது என்பது அவர்கள் பின்பற்றும் அளவுகோல். அழுத்தம் குறையாத, கசிவு மிகக் குறைந்த அவர்களுடைய குழாய்களை விட்டுவிட்டு அந்தக் கொள்கையை மட்டும் இங்கே நட முடியாது. நமக்குக் குளோரின் வேண்டும். ஆனால் உணவைக் குறைத்தால்தான் குளோரின் வேலை செய்யும்.

நுண்ணுயிரைக் கொண்டே நீரைப் பட்டினி போடுவதும் சென்னைக்குப் புதியதன்று. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மெதுமணல் வடிகட்டிகள் செயல்பாட்டுக்கு வந்தன. அவற்றில் மணலைவிட முக்கியமானது மணலின் மேற்பரப்பில் தானே வளரும் உயிர்ப்படலம். செங்குன்றத்திலிருந்து வந்த ஏரிநீரின் கரிமத்தை அந்தப் படலம் தின்று, கிருமிகளைப் பிடித்து, பசியோடு இருக்கும் நீரை நகருக்கு அனுப்பியது. நம் காலடியிலுள்ள மணலும் அதைச் செய்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய கிணறுகளில் ஒன்று எங்கள் முற்றத்தில் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீரில் இலைச் சருகும் காக்கை எச்சமும் கலந்துதான் வருகிறது. மணலினூடே மெல்ல இறங்கும் நீரிலிருந்து அவற்றை மண்ணின் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. சல்லி அடைத்த குழியைக் கழுவாமல் விட்டு, மாடியைப் பெருக்காமல் விட்டு, முதல் மழையையும் அப்படியே உள்ளே அனுப்பினால், சம்ப்பின் கறுப்பு அடுக்கை நிலத்தடிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். போர் தண்ணீரில் இரும்பு மேலும் கரையும்.

தேற்றாங்கொட்டையைப் பற்றியும் ஒரு சொல். கலங்கல் நீரைப் பானையில் ஊற்றி, உட்சுவரில் கொட்டையை உரைத்துத் தெளியவைக்கும் முறையை என் பாட்டி கடைசிவரை கைவிடவில்லை. கலங்கல் உண்மையிலேயே இறங்கும். ஆனால் கொட்டையின் கரிமப் பொருளில் ஒரு பங்கு நீரில் தங்கும், அது நுண்ணுயிருக்கு உணவு. தெளிந்த நீரை வேறு பானைக்கு மாற்றி அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும் என்று பாட்டி கண்டிப்பாக இருந்ததன் பொருத்தம் இப்போது புரிகிறது.

இப்போது எங்கள் சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும், தவறினால் லாரித் தண்ணீரும் மட்டுமே. போர் தண்ணீர் தனித் தொட்டியில் சேர்ந்து கழிப்பறைக்கும் செடிக்கும் போகிறது. தனிக் குழாய் இழுக்க வீட்டுக்கு வீடு பணம் வசூலிப்பதில் எட்டு மாதம் போனது. சம்ப்பின் தரையை ஒரு மூலைக்குச் சரித்துச் சிறு குழி வைத்தோம். கசடு அங்கே ஒதுங்குகிறது, ஃபுட் வால்வு அதற்கு எதிர்மூலையில் அரையடி உயரத்தில் நிற்கிறது. மூடியின் விளிம்பில் ரப்பர், காற்றுக்குழாயில் கொசுவலை. கொசுவும் சிறு ஈயும் முட்டையிட்டால் அவற்றின் புழுக்கள் அந்த உயிர்ப்படலத்தைத் தின்றே வளரும். செந்நிறப் புழு குழாயில் வந்தால் அடியில் ஆக்சிஜன் குறைந்த சேறு இருக்கிறது என்று பொருள், ஏனெனில் அதன் செந்நிறம் அத்தகைய சேற்றில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபினுடையது. மழைக்கு முன்பு செப்டம்பரிலும் மழைக்குப் பின்பு ஜனவரியிலும் கழுவுகிறோம். முதலில் நாரால் தேய்த்துக் கசட்டை வெளியேற்றுவது, அதன் பிறகே பவுடர்.

சென்ற ஜனவரியிலும் அதே பெரியவர்தான் வந்தார். நான் கேட்காமலேயே கரண்டியை நீட்டினார். குழியிலிருந்து எடுத்த கசடு நகக்கண் அளவு கூட இல்லை, முழுவதும் வெளிர்பழுப்பு. "அந்த நாத்தம் இல்லம்மா" என்றார். வால்வின் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவரச் சொன்னேன்.

2019இல் எடுத்த சேற்றின் ஒரு பகுதியை, கிழித்த செய்தித்தாளும் சிறிது முட்டை மஞ்சட்கருவும் சேர்த்து, ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வினோகிராட்ஸ்கி செய்து காட்டிய முறை அது. மூன்றாவது மாதத்தில் நடுவே செம்பருத்தி நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது: ஒளியையும் சல்பைடையும் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள். இருட்டுத் தொட்டியில் வெளிச்சத்துக்காக அவை எத்தனை நாள் உறங்கிக் கிடந்தனவோ, அந்தப் பட்டை இன்றும் இருக்கிறது. புதிதாக எடுத்த கறுப்புப் பொட்டை அதன் பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி ஒட்டினேன்.